மாமியின் கையா, தெர்மோமீட்டரா?

கேள்வி: மகளுக்கு நாலு மாதம். கிளினிக்கில் ஊசி போட்ட அன்று இரவு உடம்பு சுட்டது. கமக்கட்டில் வைத்துப் பார்த்தால் முதலில் 37.9, கொஞ்ச நேரத்தில் 37.1. மாமி நெற்றியைத் தொட்டுவிட்டுக் காய்ச்சலே இல்லை என்கிறார். எதை நம்புவது? - ஒரு தாய், சண்டிலிப்பாய்

பதில்: தங்கச்சி, மாமியோடு இதுக்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். பிள்ளை சுடுகிறது என்று முதலில் கண்டுபிடிப்பது அனேகமாக அப்படியொரு கைதான். ஆனால் எவ்வளவு சூடு என்று கை சொல்லாது. அடுப்படியில் நின்று வந்த கைக்கும் கிணற்றடியில் நின்று வந்த கைக்கும் ஒரே நெற்றி வேறு வேறாகத்தான் தெரியும்.

உங்கள் இரண்டு கணக்குமே பிழையாக இருக்கலாம். தொப்பி, சட்டை, மேலே துவாயும் சுற்றிய பிள்ளையைப் பால் கொடுத்த கையோடு அளந்தால் கூடக் காட்டும். நுனி சட்டையில் முட்டினாலோ கமக்கட்டு வேர்வையாக இருந்தாலோ குறையக் காட்டும். அதனால் சுற்றியதைக் கழற்றிவிட்டு ஒரு கால் மணித்தியாலம் பொறுங்கள். கமக்கட்டை ஒற்றித் துடைத்து, டிஜிற்றல் தெர்மோமீட்டரின் நுனியைக் குழியின் நடுவில் தோலோடு படும்படி வைத்து, பிள்ளையின் கையை உடம்போடு அணைத்துப் பிடியுங்கள், பீப் சத்தம் வரும்வரை எடுக்கக் கூடாது. கமக்கட்டில் 37.5 அல்லது அதற்கு மேல் என்றால் காய்ச்சல்தான் (மாமியின் பரன்ஹைட் கணக்கில் 99.5). பழைய பாதரசக் கண்ணாடிக் குழாய் வீட்டில் இருந்தால் அதைப் பிள்ளையிடம் கொண்டுபோகவே வேண்டாம்.

ஊசி போட்டு ஓரிரு நாள் லேசாகக் காய்வது வழமை. பிள்ளை பால் குடித்து, முகம் பார்த்துச் சிரித்தால் இரவு முழுக்க அளந்துகொண்டிருக்கத் தேவையில்லை. பரசிற்றமோல் கொடுப்பதென்றால் நிறைக்கு ஏற்ற அளவைக் கேட்டு எழுதி வையுங்கள், துளி மருந்தும் சிரப்பும் ஒரே செறிவு இல்லை. மழைக்காலத்தில் இங்கே டெங்கு எப்படி என்று தெரியும்தானே, டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடிய இபுபுரூபன் என்ற காய்ச்சல் மருந்தின் பக்கமே டொக்டர் சொல்லாமல் போகாதீர்கள்.

ஆனால் மூன்று மாதம் நிரம்பாத பிள்ளை என்றால் என் பதில் வேறு. அந்த வயதில் காய்ச்சல் ஒன்றே போதும், விடியட்டும் என்று பார்க்காமல் வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். 35.5க்குக் கீழே இறங்கிக் குளிர்ந்துபோனாலும் அப்படித்தான், பலர் இதைக் கவனிப்பதில்லை. உங்கள் மகளும் பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தால், மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால் தெர்மோமீட்டரைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். வாகனம் இல்லையா, 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. அளந்த நேரத்தையும் அளவையும் ஒரு துண்டில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள், டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.