ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பே கைக்கருவியில் தமிழ் மின்னூல் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படி இருந்தது?

இருக்கிறேன். 2001இல் ஆரம்பித்தேன். ஆனால் ரொம்ப வருடம் நான் படித்தது தமிழ் எழுத்தின் படத்தைத்தான். பாம் பைலட் காலக் கைக்கணினியில் தொடங்கி, அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் வரை கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்போது குரோம்பேட்டையில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்கு வேலை. பார்க் ஸ்டேஷனில் இறங்கி, எதிர்ப்பக்கம் மூர் மார்க்கெட் வளாகத்துக்குப் போய் அடுத்த ரயில் பிடிக்க வேண்டும். போக வர மூன்று மணி நேரம். ஒரு கை கம்பியில் இருந்தால் மிச்சமிருக்கும் ஒரு கையால் புத்தகத்தைப் பிரித்துப் பிடித்துப் பக்கம் புரட்ட முடியாது. அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மகன் தான் வைத்திருந்த கைக்கணினியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். 1996இல் பாம் பைலட் வந்த பிறகு அதே வழியில் வந்த கருவிகளில் ஒன்று. பாம் பைலட்டை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அதைச் செய்வதற்கு முன்பே அந்த அளவில் ஒரு மரத்துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்து பார்த்தாராம். மாம்பலம் கூட்டத்தில் நின்றுகொண்டு ஒரே கட்டைவிரலால் பக்கம் தள்ளியபோது அந்த மரத்துண்டின் அருமை எனக்குப் புரிந்தது.

பச்சை கலந்த சாம்பல் நிறத் திரை. குறுக்கே 160 புள்ளி, நெடுக்கே 160 புள்ளி. நினைவகம் 2 எம்பி. டிவி ரிமோட்டுக்குப் போடும் சின்ன செல் இரண்டு போட வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் அந்த செல்லின் தயவில்தான் நிற்கும். மாற்றும்போது ஒரு நிமிடத்துக்குள் புது செல்லைப் போட்டுவிட வேண்டும். ஒருநாள் கோடம்பாக்கம் தாண்டும்போது புது செல் கை நழுவி, நின்றிருந்தவர்களின் கால்களுக்கு நடுவே உருண்டுவிட்டது. ஒரு கல்லூரிப் பையன் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தான். போட்டேன். புதிதாக வாங்கி வந்தவனிடம் கேட்பதுபோல, திரையின் மூலையில் பேனாவால் தொடு என்று கேட்டது. உள்ளே இருந்த எல்லாம் போயிருந்தது.

சரி, உள்ளே என்ன இருந்தது? மதுரைத் திட்டத்தின் திருக்குறள். 1998 பொங்கல் அன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் தொடங்கிய முயற்சி அது. எந்தெந்த நாட்டிலோ இருந்த தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழைய நூல்களை உட்கார்ந்து தட்டச்சு செய்து இணையத்தில் போட்டார்கள். யாருக்காக அடிக்கிறோம் என்று தெரியாமலே அடித்த அந்தக் கைகளுக்கு நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஃபிளாப்பியில் இறக்கி வருவேன். கோப்புகள் டிஸ்கி என்ற குறியாக்கத்தில் இருக்கும், அதாவது தமிழ் எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் ஒரு முறை. கணினியில் அதற்கான எழுத்துருவைப் போட்டால் அழகாகத் தமிழ் தெரியும். கைக்கணினியில் அந்த எழுத்துரு கிடையாது. அதனால் ‘தமிழ்’ என்று வர வேண்டிய இடத்தில் முக்கால் என்ற பின்னக் குறியும், சென்ட் காசுக் குறியும், தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளும் வந்து நிற்கும்.

அதனால் ஒரு வேலை செய்தேன். கணினியில் ஒவ்வொரு குறளையும் திறந்து, முதலடியின் நாலு சீரை இரண்டிரண்டாக உடைத்து, திரை அளவுக்குப் படமாக மாற்றி, அந்தப் படங்களைக் கைக்கணினியில் ஏற்றினேன். கறுப்பு வெள்ளையில் ஒரு திரைக்கு 25,600 புள்ளி. எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் என்றால் ஒரு குறளுக்கு 3,200 பைட். 1,330 குறளுக்கும் சேர்த்து 42 லட்சம் பைட்டைத் தாண்டும். கருவி தாங்காது. 300 குறளோடு நிறுத்திக்கொண்டேன். அதே நூலை எழுத்தாகவே ஏற்ற முடிந்திருந்தால் மொத்தமும் 100 கிலோபைட்டை ஒட்டி அடங்கியிருக்கும். கோடம்பாக்கத்தில் போனது அந்த 300தான். நல்லவேளை, அலுவலகக் கணினியில் நகல் இருந்தது.

அப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். “எழுத்து கோக்கலையேப்பா, பிளாக் எடுத்துப் போட்டிருக்க” என்றார். அச்சகத்தில் படத்துக்குத்தான் பிளாக், அதாவது ஒரே துண்டான அச்சு, எடுப்பார்கள். எழுத்தில் பிழை என்றால் அந்த ஓர் எழுத்தைப் பிடுங்கி மாற்றலாம், பிளாக்கில் பிழை என்றால் முழு பிளாக்கும் வீண் என்று விளக்கினார். நான் செய்ததற்கு அதைவிடச் சரியான பெயர் கிடையாது. அந்தப் படத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது, பெரிதாக்கினால் பல் பல்லாகத் தெரியும்.

அடுத்த பத்து வருடமும் பிளாக்தான். கைபேசியில் இணையம் வந்தது, எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடில் தமிழ்ப் பக்கங்கள் குவிந்தன, என் கையில் இருந்த போனில் எல்லாம் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அப்போது ஓபெரா மினி என்ற உலாவியில் ஒரு வழி இருந்தது. முகவரிப் பட்டையில் ஓபெரா என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, கான்ஃபிக் என்று அடித்தால் ஒரு பட்டியல் வரும். சிக்கலான எழுத்துகளுக்குப் பிட்மேப் எழுத்துரு வேண்டுமா என்ற வரியில் ‘நோ’வை ‘எஸ்’ ஆக்கிச் சேமித்தால், அவர்களுடைய சர்வரே தமிழைப் படமாக வரைந்து அனுப்பிவிடும். எத்தனை பேர் போனில் இதைச் செய்து கொடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. தமிழ் தெரிந்ததும் ஒவ்வொருவர் முகமும் மலரும்.

அப்புறம் மின்மை (இ-இங்க்) திரை கொண்ட மின்னூல் கருவிகள். முதல் கிண்டில் 2007 நவம்பரில் அமெரிக்காவில் வந்தது, இந்தியாவில் கிண்டில் கடை 2012இல் திறந்தது. நான் 2013இல் இந்த வகைக் கருவி ஒன்றை வாங்கினேன். காகிதம் போன்ற திரை, வெயிலிலும் தெரியும், கண் வலிக்காது. கட்டம் வரவில்லை, தமிழே வந்தது. ஆனால் அப்பா முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்தபோதுதான் கவனித்தேன். ‘மேகம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘மகேம்’. ‘தேடல்’ என்பது ‘தடேல்’. இரண்டு வரி போனதும் நிறுத்திவிட்டார்.

“கொம்பைப் பின்னால கோத்துட்டான்.”

காரணம் அதேதான். ஈய எழுத்தில் கொம்பு தனி அச்சு. கம்பாசிட்டர் முதலில் கொம்பை எடுத்து வைத்துவிட்டுத்தான் ‘ம’வை எடுப்பார். டிஸ்கியும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தது, அதனால் எழுத்துரு மட்டும் இருந்தால் போதும். யூனிகோடு ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. முதலில் ‘ம’, பிறகு இரட்டைக்கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தள்ளி வைப்பது மென்பொருளின் பொறுப்பு. ‘கொ’ மாதிரி எழுத்தில் ஒரே குறியைப் பிரித்துக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். அந்த ஒரு வேலை தெரியாத கருவியில் எத்தனை நல்ல திரை இருந்தும் பயனில்லை.

அந்த நேரத்தில் கைகொடுத்தது, அதே 2013இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம். மின்னூல்களை மற்ற வடிவங்களோடு 6 அங்குல பிடிஎஃப் ஆகவும் கொடுத்தார்கள், சின்னத் திரைக்கு ஏற்ற அளவில். கொம்பு இடம் மாறாது. ஆனால் பக்கம் கட்டிப்போட்டதுபோல இருக்கும், எழுத்தை மட்டும் பெரிதாக்கி வரியை மடக்க முடியாது. எனக்குப் போதும். கண்புரை அறுவை முடிந்திருந்த அப்பாவுக்குப் போதவில்லை.

2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே ஸ்மார்ட்போன்களும் தமிழை ஒழுங்காகக் கோக்கக் கற்றுக்கொண்டிருந்தன. நான் அடுத்த வருடம் பெரிய திரை போன் ஒன்று வாங்கி, அப்பாவுக்காக முதலில் ஏற்றியது அதே மதுரைத் திட்டத் திருக்குறளைத்தான். அந்தக் கோப்பு டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறியிருந்தது, யாரும் மறுபடி உட்கார்ந்து அடிக்க வேண்டியிருக்கவில்லை, நிரல் மாற்றிவிட்டது. நான் மாய்ந்து மாய்ந்து செய்த 300 படங்கள் அந்த அலுவலகக் கணினியோடு எப்போதோ போய்விட்டன.

எழுத்தளவைக் கூட்டும் பொத்தானை அப்பாவுக்குக் காட்டினேன். ஒரு தடவை அழுத்தினார். வரி மடங்கி, சீர்கள் கீழே இறங்கின. மறுபடி அழுத்தினார். வரிக்கு மூன்று சொல் வந்ததும் நிறுத்தி, விரலைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து அளந்தார்.

“இருபத்துநாலு பாயிண்ட் இருக்கும். இது எழுத்துப்பா” என்றார்.