எடை இறங்குகிறது, கால் ஏன் தளர்கிறது?

கேள்வி: வயது 43, உயரம் 158 செ.மீ. நான்கு மாதமாகக் காலையில் பிஸ்கட்டும் தேநீரும், மதியம் கொஞ்சம் சோறும் ரசமும், இரவில் கஞ்சி. 121 கிலோவிலிருந்து 108க்கு வந்துவிட்டேன். ஆனால் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின், கிளிக்ளாசைட் எடுக்கிறேன். இன்னும் குறைக்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: குறைக்கலாம் அம்மா, ஆனால் இந்தச் சாப்பாட்டில் வேண்டாம். கஞ்சியிலும் ரசத்திலும் புரதம் மிகக் குறைவு. அதனால் கொழுப்போடு தசையும் கரைந்திருக்கும். முதலில் அடிபடுவது தொடைதான். மெட்ஃபார்மினை நெடுநாள் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். கிளினிக்கில் அதையும் ஹீமோகுளோபின், தைராய்டு, சிறுநீரகச் சோதனைகளையும் கேளுங்கள். சிறுநீரகம் பழுதென்றால் கீழே சொல்லும் புரத அளவு பொருந்தாது.

108 கிலோவுக்குக் கணக்கிட வேண்டாம். உங்கள் உயரத்துக்கு 62 கிலோ என வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் நாளுக்குச் சுமார் 75 கிராம் புரதம். காலையில் 2 முட்டை, ஒரு கப் சீனி போடாத பால். மதியம் 120 கிராம் மீன் அல்லது தோல் நீக்கிய கோழி. இரவில் 100 கிராம் தெம்பே (புளிக்கவைத்த சோயா), ஒரு கப் கெட்டிப் பருப்பு. ஏறக்குறைய கணக்கு சரியாகிவிடும். சோறு வேளைக்கு ஒரு கப், மீதித் தட்டில் கீரை, காய். டின் பால் ஊற்றிய தேநீரையும் பரோட்டா போன்ற ரொட்டி சானாயையும் விட்டாலே நிறைய கலோரி குறையும், பட்டினி தேவையில்லை.

தசைக்கு நடை மட்டும் போதாது. சுவரோரம் நாற்காலியை வைத்து, மேலே இரண்டு தலையணை போட்டு, கையூன்றாமல் 8 முறை எழுந்து உட்காருங்கள். இடையில் இரண்டு நிமிடம் ஓய்வு, மொத்தம் 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமானதும் ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள். 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்குவது கைக்கு. நடை, சமதரையில் 10 நிமிடமாக நாளுக்கு மூன்று முறை. தோட்டத்து மேட்டுப் பாதை முட்டிக்கு ஆகாது. மறுநாளும் முட்டி வலித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள்.

கிளிக்ளாசைட்டோடு சாப்பாட்டைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கலாம். நடுக்கம், வியர்வை வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். மாத்திரை அளவை மருத்துவர் மாற்றட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கடைகளில் கொழுப்பு விழுக்காடு காட்டும் எந்திரத்தை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்; உடம்பில் நீர் கூடினாலும் குறைந்தாலும் அது தப்பாகச் சொல்லும். மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து, 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்றும் எண்ணிக் குறித்துவையுங்கள். இடுப்பு இறங்கி எண்ணிக்கை ஏறினால், எடை நின்றாலும் கவலையில்லை.