இமயத்து ஆறும் வங்கத்து விளக்கும்: எல்லை தாண்டும் மின்சாரம் பற்றிக் கேள்வி பதில்

நேபாளத்து நீர்மின்சாரம் இந்தியாவின் கம்பிகள் வழியாக வங்கதேசத்துக்குப் போவதைப் பற்றிப் போன வாரம் நான்கு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் உயர் அழுத்த மின்பாதை வேலையில் இருந்தவன் நான். முதலில் கோபுரம் ஏறும் கும்பலோடு சுற்றினேன், கடைசிப் பத்து வருடம் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோவை, கல்லூரி மாணவி: சார், வெறும் 40 மெகாவாட்டுக்கு மூன்று நாடுகள் ஒப்பந்தம் போட்டதைப் பெரிய விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் சில காற்றாலைப் பண்ணைகளே அதைவிடப் பெரிசு. இதில் என்ன இருக்கிறது?

அளவைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அதற்கு முன்னால் இந்த வட்டாரத்தில் எல்லாமே இரண்டு பேருக்கு இடையில்தான் நடந்தது. பூடான் இந்தியாவுக்கு விற்கும், வங்கதேசம் இந்தியாவிடம் வாங்கும். நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் நடுவில் இருப்பது சிலிகுரிப் பக்கத்து ஒடுங்கிய இந்திய நிலம், மிகக் குறுகிய இடத்தில் இருபது சொச்சம் கிலோமீட்டர். அதைத் தாண்டி ஒரு யூனிட் மின்சாரம் போக இத்தனை காலம் ஆனது. 2024 அக்டோபர் 3 அன்று காத்மாண்டுவில் மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். நவம்பர் 15 அன்று ஒரே ஒரு நாள் மின்சாரம் போனது. அப்புறம் 2025 ஜூன் 15 முதல் பருவம் முழுக்கப் போகத் தொடங்கியது. ஆண்டுதோறும் ஜூன் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை, ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தம். விலை யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சென்ட். கூடவே இந்தியக் கம்பிக்கான வாடகை.

நேபாளத்தின் தல்கேபரிலிருந்து பீகாரின் முசாபர்பூருக்கு வருகிறது. மேற்கு வங்கத்தின் பஹரம்பூரிலிருந்து வங்கதேசத்தின் பேராமாராவுக்குப் போகிறது. இடையில் உள்ள தூரத்தை அதே மின்சாரம் கடக்கிறது என்று நினைக்க வேண்டாம். மதுரைக் கிளையில் பணம் கட்டுகிறீர்கள், உங்கள் தம்பி சென்னைக் கிளையில் எடுக்கிறார். அதே நோட்டா போகிறது? இங்கே 40 போட்டதும் அங்கே 40 எடுத்ததும் கணக்கில் ஒத்துப்போனால் போதும். அந்தக் கணக்கை மூன்று நாட்டுக் கட்டுப்பாட்டு மையங்களும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துச் சரிசெய்யப் பழகிவிட்டால், 40 நாளைக்கு 400 ஆவதில் தொழில்நுட்பத் தடை பெரிதாக இல்லை.

சென்னை, வங்கி ஊழியர்: நேபாளத்தில் ஆற்றுக்குப் பஞ்சமே இல்லை. பிறகு ஏன் பல வருடம் இருட்டில் கிடந்தார்கள்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். 2009 குளிர்காலத்தில் வேலை விஷயமாக நான் காத்மாண்டுவில் இருந்தேன். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வரை மின்வெட்டு. எந்தப் பகுதிக்கு எப்போது கரண்ட் வரும் என்ற அட்டவணையைக் கடைச் சுவர்களில் ஒட்டி வைத்திருப்பார்கள். இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால், அந்த நேரத்தில் எழுந்து அரிசி அரைத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அங்குள்ள நீர்மின் நிலையங்களில் பெரும்பாலானவை பெரிய அணை இல்லாதவை. ஆற்றில் ஓடுகிற தண்ணீரைத் திருப்பிச் சுழலியில் விட்டு, மறுபடி ஆற்றிலேயே சேர்த்துவிடுவார்கள். மழைக்காலத்தில் முழு உற்பத்தி கிடைக்கும். டிசம்பரிலிருந்து ஆறு வற்றத் தொடங்கியதும் மூன்றில் ஒரு பங்கு கிடைப்பதே பாடு. அந்தக் குளிர்காலத்தில்தான் மின்தேவையும் ஏறும். இந்தியாவிடம் வாங்கலாம் என்றால், அதற்குத் தகுந்த தடிமனான கம்பி அப்போது இல்லை.

அந்தக் கம்பி 2016 பிப்ரவரியில் வந்தது. தல்கேபர்–முசாபர்பூர் மின்பாதை 400 கேவி (கிலோவோல்ட்) அழுத்தத்துக்குக் கட்டப்பட்டாலும், முதலில் 132 கேவியில் 80 மெகாவாட்தான் கொண்டுவந்தது. அந்த வருடம் செப்டம்பரில் நேபாள மின்சார ஆணையத்தின் தலைமைக்கு குல்மான் கிசிங் வந்தார். மாலை உச்ச நேரத்தில் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த மின்சாரத்தில் ஒரு பகுதியை வீடுகளுக்குத் திருப்பினார், இந்தியாவிலிருந்து வாங்குவதைக் கூட்டினார், திருட்டையும் இழப்பையும் பிடித்தார். அந்த ஆண்டு தீபாவளிக்குக் காத்மாண்டுவில் விளக்குகள் அணையவில்லை. தொழிற்சாலைகளுக்கான வெட்டும் 2018-இல் நின்றது.

பாருங்கள், முதலில் அந்தக் கம்பி நேபாளத்துக்கு உதவியது வாங்குவதற்குத்தான். 2021-இல் 456 மெகாவாட் மேல் தாமாகோசி நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் அதே கம்பி விற்பதற்குப் பயன்பட்டது. 2021 நவம்பரில் 39 மெகாவாட்டோடு இந்திய மின்சந்தைக்குள் நுழைந்தார்கள். 2023–24 நிதியாண்டில் முதல் முறையாக, வாங்கிய தொகையைவிட விற்ற தொகை கூடுதல். எட்டே வருடத்தில் நடந்த மாற்றம் இது. எல்லை தாண்டிய இணைப்பு எதற்கு என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். சீன முதலீடோ சீன ஒப்பந்தக்காரரோ சம்பந்தப்பட்ட நிலையங்களின் மின்சாரத்தை இந்தியா வாங்குவதில்லை. அதனால் மழைக்காலத்தில் விற்க முடியாத நீர் வீணாக ஓடுகிறது. பத்து வருடத்தில் 10,000 மெகாவாட் வாங்குவதாக 2024 ஜனவரியில் இந்தியா ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்த நிபந்தனை தளராமல் அந்த இலக்கை எட்டுவது கடினம் என்பது என் கருத்து.

மதுரை, எலக்ட்ரீஷியன்: அவ்வளவு தூரம் அனுப்பினால் பாதி வழியிலேயே வீணாகிவிடாதா அண்ணே?

ஆகாது தம்பி. அழுத்தத்தை இரண்டு மடங்கு ஏற்றினால் மின்னோட்டம் பாதி, இழப்பு கால்வாசி. உயர் அழுத்த நேர்மின்சார (டிசி) பாதையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மூன்று நான்கு சதவீதம்தான் போகும். உண்மையான இழப்பு உங்கள் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது: தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர், நைந்த கம்பி, கொக்கி போடுவது, ஓடாத மீட்டர். நேபாளத்தில் மொத்த இழப்பு 2015–16-இல் 25 சதவீதத்துக்கு மேல். இப்போது 13 சதவீதத்தை ஒட்டி இறங்கியிருக்கிறது. புதிதாக ஒரு நிலையம் கட்டியதற்குச் சமம் அது.

யாழ்ப்பாணம், ஆசிரியை: வணக்கம் அண்ணை. 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது மெழுகுதிரி வெளிச்சத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தோம். இந்தியாவிலிருந்து கேபிள் வந்தால் எங்கட பில் குறையுமா? அல்லது இன்னொரு நாட்டை நம்பி மாட்டிக்கொள்வோமா?

வணக்கம் தங்கச்சி. இந்தத் திட்டத்தைப் பல பத்தாண்டுகளாகப் பேசுகிறார்கள். 2010-இல் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் ஆனது, 2025 ஏப்ரலில் மறுபடி ஒன்று. மதுரைப் பக்கமிருந்து கிளம்பி, கடலடியில் கேபிளாகப் போய், மன்னார்ப் பக்கம் கரையேறுவது இப்போதைய யோசனை. முதலில் 500 மெகாவாட், பிறகு 1,000.

பில் குறையுமா என்றால், அது தானாக நடக்காது. டீசல், உலை எண்ணெய் எரித்துச் செய்கிற மின்சாரத்துக்குப் பதிலாக இது வந்தால் நிச்சயம் லாபம். இலங்கையில் மிக விலை கூடிய மின்சாரம் அதுதான். ஆனால் மிச்சமாகும் பணம் கட்டணத்தில் இறங்குமா, பழைய கடனை அடைக்கப் போகுமா என்பதை உங்கள் நாட்டு ஒழுங்குமுறை ஆணையம்தான் தீர்மானிக்கும்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மன்னார்க் காற்றை இந்தியாவுக்கு விற்கலாம் என்கிறார்கள். மன்னாரில் பலமான காற்று தென்மேற்குப் பருவத்தில் வீசும். ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும் அதே மாதங்களில்தான் வீசும். உங்களுக்கு மிஞ்சும்போது தமிழ்நாட்டுக்கும் மிஞ்சியிருக்கும். எனவே பக்கத்து மாநிலத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. 2013 டிசம்பர் 31-இல் தென்மண்டலம் இணைந்த பிறகு இந்தியா முழுவதும் ஒரே கிரிட், அதாவது ஒன்றோடொன்று இணைந்த ஒரே மின்வலை. அந்தப் பெரிய சந்தையோடு சேர்வதில்தான் பலன்.

நம்பி மாட்டிக்கொள்வது பற்றி: 2014 நவம்பர் 1-ஆம் தேதி வங்கதேசத்தில் நடந்ததைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து சுமார் 440 மெகாவாட் வந்துகொண்டிருந்தபோது அதை உள்ளே வாங்கும் பேராமாரா நிலையம் டிரிப் ஆனது, அதாவது தானாக நின்றுபோனது. சில நொடிகளில் நாடு முழுவதும் இருண்டது. இந்தியா துண்டித்ததால் வந்தது இல்லை. ஒரே வாசல் வழியாக அவ்வளவு வாங்கும்போது, அது மூடிக்கொண்டால் தாங்குகிற தயாரிப்பு உள்ளே போதவில்லை. இலங்கை கிரிட் இன்னும் சிறியது. 2025 பிப்ரவரி 9 ஞாயிறு, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் வந்த கோளாறே தீவு முழுவதையும் அணைத்தது. ஞாயிறு பகலில் தேவை குறைவு, சூரியமின்சாரம் அதிகம், அதிர்வைத் தாங்கும் கனத்த சுழலிகள் குறைவாகவே ஓடின. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரே கேபிளில் 500 மெகாவாட் வாங்குவது ஆபத்து. இரவு உச்சத்தில் வாங்குங்கள், பகலில் குறையுங்கள். உங்கள் பொறியாளர்களுக்கு இது தெரியும். அவர்கள் சொல்வதை மேலே இருப்பவர்கள் கேட்க வேண்டும்.

திருச்சி, பாலிடெக்னிக் மாணவர்: கடலுக்கடியில் ஏன் டிசி? ஏசி கேபிள் போட முடியாதா சார்?

சில பத்து கிலோமீட்டர் வரை போடலாம். ஏசி, அதாவது மாறுமின்சாரம், திசை மாறிக்கொண்டே இருக்கும். நீண்ட ஏசி கேபிளோ ஒரு மின்தேக்கி மாதிரி. அதை ஏற்றி இறக்கவே கம்பியின் கொள்ளளவு தீர்ந்துவிடும். இன்னொரு நன்மை, டிசி இணைப்பில் ஒரு பக்கத்துக் குழப்பம் மறுபக்கம் தாவாது. 2012 ஜூலை 30, 31-இல் வட இந்தியா, கிழக்கு, வடகிழக்கு எல்லாம் இருண்டபோது நம் தென்மண்டலம் தப்பியது, அப்போது நாம் ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு வருவது போன்ற டிசி இணைப்புகளால் மட்டுமே அவர்களோடு சேர்ந்திருந்ததால்தான்.

தர்மபுரி, சுயஉதவிக்குழு நடத்துபவர்: ஐயா, பெரிய கோபுரங்கள் போகிற வழியில் உள்ள ஏழைக் கிராமத்துக்கு என்ன கிடைக்கிறது? எங்கள் மலைக்கிராமங்களில் தலைக்கு மேல் கம்பி போனது, வீட்டுக்குள் விளக்கு வெகு காலம் வரவில்லை.

அம்மா, இந்தத் துறையில் என்னை அதிகம் உறுத்தும் கேள்வி இது. மொசாம்பிக்கின் கஹோரா பாசா அணையைச் சொல்கிறேன். 2,075 மெகாவாட். அங்கிருந்து 1,420 கிலோமீட்டர் டிசி பாதை நேராகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறது. சொந்த நாட்டுத் தலைநகர் மபூட்டோவுக்கு நேர்க் கம்பி கிடையாது, தென்னாப்பிரிக்கா வழியாகச் சுற்றித்தான் மின்சாரம் வருகிறது. பாதை ஓரத்துக் கிராமங்கள் பல பத்தாண்டுகளாக அந்தக் கம்பியை அண்ணாந்து பார்த்தபடியே இருந்தன.

டிசி பாதையில் நடுவில் ஒரு கிளை எடுப்பது சாதாரண வேலை இல்லை, அதற்கே தனியாக, டிசியை ஏசியாக மாற்றும் ஒரு நிலையம் வேண்டும். ஏசி பாதையில் துணைமின்நிலையம் போடலாம், ஆனால் நான்கைந்து சிற்றூருக்காக அந்தச் செலவை யாரும் ஏற்பதில்லை. இதற்குக் கானாவில் அழகான ஒரு வழி செய்தார்கள். கோபுர உச்சியில் இடிதாங்கியாக ஓடும் கம்பி இருக்கிறதல்லவா, அதை இன்சுலேட்டர் வைத்துத் தனிப்படுத்தி, சுமார் 30 கேவி மின்சாரம் விட்டு, வழியில் உள்ள ஊர்களுக்கு இறக்கினார்கள். செலவு குறைவு. ஆனால் கோபுரம் கட்டும்போதே திட்டமிட வேண்டும், பிறகு சேர்ப்பது கஷ்டம். எல்லை தாண்டும் ஒவ்வொரு பாதைக்கும் கடன் தருகிற வங்கிகள், கீழே உள்ள ஊர்களுக்கான 11 கேவி கம்பியும் அதே கடனில் சேர வேண்டும் என்று முதல் நாளே நிபந்தனை போடலாம். நான் கலந்துகொண்ட எந்தக் கூட்டத்திலும் இதைச் சொல்லாமல் வந்ததில்லை.

கட்டணமும் முக்கியம். நேபாளத்தில் 5 ஆம்பியர் மீட்டர் வைத்த வீடு மாதம் 20 யூனிட் வரை எரித்தால் மின்சாரத்துக்குக் காசு இல்லை, 30 நேபாள ரூபாய் குறைந்தபட்சக் கட்டணம் மட்டும். நான்கு விளக்கும் ஒரு செல்போனும் அதில் ஓடிவிடும்.

துபாய், கணக்காளர்: பக்கத்து நாட்டோடு சண்டை வந்தால்? பணம் கட்டாவிட்டால்?

இரண்டும் நடந்திருக்கிறது. 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. நைஜர் தன் தேவையில் பெரும்பகுதிக்கு அதையே நம்பியிருந்தது. தலைநகர் நியாமேயில் ஆஸ்பத்திரியும் குடிநீர் மோட்டாரும் திணறின. தண்டனை போய்ச் சேர்ந்தது சாதாரண மக்களுக்கு. ஜார்கண்டின் கொட்டா அனல்மின் நிலையம் 1,600 மெகாவாட், வங்கதேசத்துக்காகவே கட்டியது. பாக்கி ஏறியதால் 2024 இறுதியில் விநியோகம் பாதியாகக் குறைந்தது. ஒரே நிலையம், ஒரே விற்பனையாளர், டாலரில் விலை, இப்படி 25 வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதைவிட, பல பேரிடம் சிறிது சிறிதாக வாங்குவது ஏழை நாட்டுக்கு நல்லது.

ஈரோடு, விவசாயி: எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா கோபுரம் நட்டது எங்க தோட்டத்துல. எங்களுக்கு என்ன வழி?

உங்கள் கேள்வி நியாயமானதுங்க. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரும் 800 கேவி பாதைக்காகக் கொங்கு மண்டலத்தில் விவசாயிகள் எவ்வளவு போராடினார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். 1885-ஆம் வருடத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை வைத்து இன்றைக்கும் நிலத்துக்குள் நுழைகிறார்கள், அது எனக்கு உடன்பாடு இல்லை. 2015 வழிகாட்டுதல்படி கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும் கம்பிக்குக் கீழுள்ள பட்டைக்கு 15 சதவீதமும் இருந்தது. 2024 ஜூனில் மத்திய அரசு அதை 200, 30 என்று உயர்த்தியது. உங்கள் ஊர்ப் பாதைக்கு எந்த ஆணை பொருந்துகிறது என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கட்டுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நேபாளத்தில் கிம்தி–தல்கேபர் பாதை வெறும் 75 கிலோமீட்டர். சிந்துலி மாவட்டத்தில் சில கோபுரங்களுக்கு நிலம் தர மக்கள் மறுத்ததால் பத்து வருடத்துக்கு மேல் நின்றது. காத்மாண்டு இருட்டில் கிடந்த அதே வருடங்கள்தான் அவை. கடைசியில் 2017 ஜனவரியில் முடிந்தது. அந்தச் சில குடும்பங்களுக்கு முதல் வருடமே கேட்ட விலையைக் கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு, அத்தனை வருடம் எரித்த டீசலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.