உடம்பு கெடாமல் ஐம்பத்தெட்டு வயது வரை வேலை பார்க்க என்ன வழி? எங்கிருந்து தேடத் தொடங்குவது?

அதிகாலையில் எழுவது, யோகா, சத்துமாவு என்று நிறையப் படித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் தேடலை அங்கே தொடங்காதீர்கள். உங்கள் வேலையில், நினைத்த நேரத்தில் எழுந்து போக முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் பிரிவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். முதல் எட்டு வருடம் மெஷினில் தைத்தேன், இப்போது லைன் சூப்பர்வைசர். மெஷினில் இருந்தபோது அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். வேலூர் வெயில் அப்படித்தான் என்றார்கள். நானும் வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கத்திரியில் குளிர்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறம்மா?" என்று டாக்டர் கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறுவேன். சாயங்காலம் இறங்கும்போது முக்கால் பாட்டில் அப்படியே இருக்கும். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். நான் எழுந்தால் அடுத்த மெஷினுக்குத் துண்டு போகாது, லைனே நிற்கும், டார்கெட் விழும். அதனால் தாகத்தையே அடக்கப் பழகியிருந்தேன். பக்கத்து மெஷின்களில் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் பாட்டிலும் அப்படித்தான் இருந்தது.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இங்கிலாந்தில் மைக்கேல் மார்மட் என்ற மருத்துவரின் குழு, அரசு ஊழியர்களைப் பல வருடம் தொடர்ந்து ஆராய்ந்தது. தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அதில் தெரிந்தது. பொறுப்பு கூடிய பெரிய அதிகாரிக்குத்தான் நெஞ்சுவலி வரும் என்று நாம் நினைப்போம். அங்கே கீழ்நிலையில் இருந்தவர்கள்தான் அதிகம் செத்தார்கள். நேரக் கணக்கும் முக்கியம். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொன்னன.

என் அம்மா குடியாத்தத்தில் பீடி சுற்றியவர். சூப்பர்வைசர் கிடையாது, மணி அடிப்பது கிடையாது, சொந்தத் திண்ணை. ஆனாலும் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி இருந்ததால் மடியிலிருந்து முறத்தை இறக்கவே மாட்டார். இன்று அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஆகவே வீட்டிலிருந்தே வேலை, நம் இஷ்டப்படி நேரம் என்றாலே நிம்மதி என்று நம்பிவிடாதீர்கள். கூலி எதை வைத்துக் கணக்காகிறது என்று பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குக் கிளம்பினேன், எப்போது சாப்பிட்டேன், எத்தனை தடவை எழுந்தேன், எப்போது தூங்கினேன். போக வர ஆகும் நேரத்தையும் சேருங்கள், அதை எல்லாரும் விட்டுவிடுகிறோம். அப்புறம் சம்பளச் சீட்டை எடுங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் 0.75 சதவீதம் இருந்தால், உடம்பு சரியில்லாத நாட்களுக்கு, அதற்குத் தேவையான அளவு நாட்கள் சந்தா பிடித்திருந்தால், வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். எங்கள் லைனில் பலர் இது தெரியாமல் காய்ச்சலோடு வந்து தைத்திருக்கிறார்கள்.

சூப்பர்வைசர் ஆனதும், எல்லா மெஷினும் தைக்கத் தெரிந்த ஒருவரை மாற்று ஆளாக லைனில் வைக்கச் சொல்லிக் கேட்டேன். ஆறு மாதம் இழுத்து, அப்புறம் சரி என்றார்கள். முதல் மாதம் கணக்கு குறைந்தது, எனக்குப் பேச்சும் விழுந்தது. இப்போது யார் எழுந்தாலும் அந்த அக்கா போய் உட்கார்ந்துவிடுகிறார். மத்தியானம் இரண்டு மணிக்குள் எங்கள் லைனில் பாட்டில்களை மறுபடி நிரப்ப வேண்டியிருக்கிறது.