சர்ஜரிக்கு அப்புறம் வாந்தி வந்தா "இது சகஜம்தான்"னு பொறுத்துக்கணுமா?

(வாசகர் கேள்விகளுக்கு நம்ம டயட்டீஷியன் பதில் சொல்றாங்க)

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு எடை குறைக்கிற ஸ்லீவ் சர்ஜரி முடிஞ்சு அஞ்சு வாரம் ஆகுது. மோர், சூப்புன்னு இருந்த வரைக்கும் பரவாயில்ல. இட்லி, குழைஞ்ச சாதம்னு ஆரம்பிச்சதுல இருந்து ரெண்டு வாய் போட்டதுமே நெஞ்சுல நிக்குது, வாயெல்லாம் எச்சில் ஊறி நுரை நுரையா வாந்தி வருது. தாளிக்கிற வாசனையே ஆக மாட்டேங்குது. மாமியார் வேற "இப்படி பட்டினி கிடந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்"னு தட்டை நிரப்பி வைக்கிறாங்க. இனிமே நான் நார்மலா சாப்பிடவே முடியாதா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: முடியும்மா, கண்டிப்பா முடியும், முதல்ல அந்தப் பயத்தை விடுங்க. ஸ்லீவ்ல இரைப்பையில முக்கால் பங்குக்கு மேலயே எடுத்துடுறாங்க, மிச்சம் இருக்கிறது ஒரு ஒல்லியான குழாய்தான், ஆரம்பத்துல 100, 150 மில்லிக்கு மேல அதுல கொள்ளாது. உள்ள வீக்கம் வடியவே ஆறு, எட்டு வாரம் ஆகும், நீங்க இன்னும் அஞ்சாவது வாரத்துலதான் இருக்கீங்க. ஒரு குறுகலான புனல்ல மாவை வேகமா கொட்டினா எப்படி அடைக்கும், அதுதான் இப்போ நடக்குது. உணவு கீழ இறங்காம நிக்கிறப்போ உடம்பு எச்சிலையும் சளியையும் சுரந்து அதைத் தள்ளப் பார்க்குது, உங்களுக்கு நுரையா வர்றது அதுதான்.

நம்ம ஊர்ல இட்லின்னா நோயாளி சாப்பாடு, அதனால அதுதான் முதல்ல தட்டுக்கு வருது. ஆனா இந்த சர்ஜரி பண்ணினவங்க நிறைய பேருக்கு இட்லி, சாதம், பிரெட், சப்பாத்தி எல்லாமே மென்னதும் பசை மாதிரி ஒண்ணா சேர்ந்து நெஞ்சுலயே நின்னுடும். கொஞ்ச நாளைக்கு இதையெல்லாம் தள்ளி வைங்க. உங்க டாக்டர் கொடுத்த சார்ட்டுல கூழ் மாதிரி உணவுக்கு ஒரு கட்டம் இருக்கும், அதுக்கே ஒரு படி திரும்பிப் போங்க, அதுல தப்பே இல்ல. நல்லா வெந்து மசிச்ச பாசிப்பருப்பு, அடிச்ச தயிர், அரைவேக்காடா இல்லாம முழுசா வெந்து அதே சமயம் ஈரமா இருக்கிற முட்டை, குழம்புல ஊறின முள்ளில்லாத மீன் இதெல்லாம் சாதத்தை விட சுலபமா இறங்கும், புரோட்டீனும் கிடைக்கும். ஒரு நாளைக்குக் குறைஞ்சது 60 கிராம் புரோட்டீன் வேணும், ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்கு, அதனால கொஞ்சமா சாப்பிடுற அந்த நாலு ஸ்பூன்லயும் முதல் இடம் புரோட்டீனுக்குத்தான். சாப்பாட்டுலயே அந்தக் கணக்கு எட்டாது, பவுடர் கொடுத்திருப்பாங்க, அதோட இனிப்பு வாசனை உமட்டுச்சுன்னா ஃப்ளேவர் இல்லாததை வாங்கி நீர்மோர்ல கலந்து பாருங்க.

சாப்பிடுற விதம்தான் இதுல பாதி வைத்தியம். குழந்தைக்கு ஊட்டுற சின்ன ஸ்பூன் எடுத்துக்கோங்க, ஒரு வாயை இருபது, இருபத்தஞ்சு தடவை மென்னு முழுங்குங்க, அடுத்த ஸ்பூனுக்கு ஒரு நிமிஷம் பொறுங்க, டிவியும் போனும் வேண்டாம் ஏன்னா அதைப் பார்த்துக்கிட்டே மெல்லாம முழுங்கிடுவோம். திடீர்னு விக்கல், மூக்குல தண்ணி, தும்மல், நெஞ்சுக்குழியில ஒரு அழுத்தம் இதுல ஏதாவது ஒண்ணு வந்தா அதுதான் வயிறு நிறைஞ்சதோட அடையாளம், அதுக்கப்புறம் தட்டுல எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஒரு வாய் கூட வேண்டாம். பக்கத்துல சொம்பை வச்சுக்கிட்டு இடையில இடையில தண்ணி குடிக்கிற நம்ம பழக்கத்தையும் விடணும், சாப்பிட்டு முடிச்சு அரை மணி நேரம் கழிச்சுதான் தண்ணி.

அதே தண்ணியைப் பத்தி இன்னொண்ணு. வாந்திக்குப் பயந்து குடிக்கறதையே குறைச்சுடுறாங்க, உடம்புல நீர் குறைஞ்சா அதுவே குமட்டலைக் கூட்டும், குமட்டல் கூடினா இன்னும் குடிக்க முடியாது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போகணும், ஆனா மடக்கு மடக்கா இல்ல, மத்த நேரமெல்லாம் பாட்டிலைக் கையிலயே வச்சுக்கிட்டு வாய் நனையற அளவு உறிஞ்சிக்கிட்டே இருக்கணும். யூரின் கடும் மஞ்சளா போச்சுன்னா தண்ணி பத்தலைன்னு அர்த்தம். சோடா, கூல்டிரிங்க்ஸ் வேண்டவே வேண்டாம், கேஸ் நெஞ்சை அடைக்கும்.

வாசனை ஒத்துக்காதது போகப் போக சரியாகிடும். அதுவரைக்கும் தாளிக்கிற நேரத்துல நீங்க கிச்சன் பக்கம் போகாதீங்க, சூடா ஆவி பறக்கிற சாப்பாட்டுலதான் வாசனை தூக்கும், ஆற வச்சு சாப்பிடுங்க. சத்து மாத்திரையை வெறும் வயித்துல போட்டாலும் உமட்டும், சாப்பிட்ட பிறகு போடுங்க, இரும்புச் சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க.

மாமியார் பாசத்துலதான் செய்றாங்க, சண்டை வேண்டாம். அடுத்த செக்கப்புக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, "அத்தை, எனக்கு அளவே நாலு ஸ்பூன்தான், நீங்களே டாக்டர்கிட்ட கேளுங்க"ன்னு சொல்லுங்க, அவங்களே கிண்ணத்துல அளந்து கொடுக்க ஆரம்பிச்சுடுவாங்க.

இவ்வளவும் செஞ்சு, கூழ் மாதிரி உணவுக்கே திரும்பினதுக்கு அப்புறமும் வாந்தி தினமும் வருதுன்னா சர்ஜனைப் பாருங்க. சில பேருக்கு அந்தக் குழாய் ஒரு இடத்துல சுருங்கிப் போயிருக்கும், எண்டோஸ்கோப்பி போட்டுப் பார்த்து உள்ளயே பலூன் வச்சு விரிச்சு விடுவாங்க. ஒரு நாள் முழுக்க தண்ணி கூட நிக்கலைன்னா அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க. ஜுரம், மூச்சு வாங்குறது, சும்மா உட்கார்ந்திருக்கிறப்பவே இதயம் படபடன்னு அடிக்கிறது, இடது தோள்பட்டை வலி, கடுமையான வயித்துவலி இதெல்லாம் தையல் கசியறதோட அறிகுறியா இருக்கலாம், ராத்திரி ரெண்டு மணியானாலும் கிளம்பிடுங்க.

கேள்வி: என் மனைவிக்கு எடை குறைக்க பைபாஸ் முறையில (இரைப்பையைச் சின்னதாக்கி நேரா குடலோட இணைக்கிறது) வயித்துல சர்ஜரி பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு. மூணு வாரமா எது சாப்பிட்டாலும் வாந்தி. பக்கத்துல இருக்கிற கிளினிக்ல "இந்த ஆபரேஷனுக்கு இப்படித்தான் இருக்கும்"னு குளுக்கோஸ் ட்ரிப்ஸ் போட்டு அனுப்பிட்டாங்க. இப்போ பார்க்கிறதெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுங்கிறா, நடந்தா தள்ளாடுறா, சொன்னதை மறந்துடுறா.
— வாசகர், திருச்சி

பதில்: சார், உங்க கடிதம் வந்த உடனே நம்ம ஆபீஸ்ல இருந்து உங்களுக்குப் போன் பண்ணி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னோம், மத்தவங்களும் தெரிஞ்சுக்கணும்னுதான் இங்கயும் எழுதுறேன். இது வெறும் பலவீனம் இல்ல. பி1 வைட்டமின், தயாமின்னு சொல்லுவாங்க, அது நம்ம உடம்புல ரெண்டு, மூணு வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். விடாம வாந்தி எடுத்தா அது தீர்ந்துடும், மூளையும் நரம்பும் பாதிக்கும். ரெண்டா தெரியறது, தள்ளாட்டம், குழப்பம் இந்த மூணும் அதோட அடையாளம், இதுக்கு வெர்னிக்கே என்செஃபலோபதின்னு பேர். மூணும் சேர்ந்து வரட்டும்னு காத்திருக்கக் கூடாது, ஒண்ணு வந்தாலே போதும். உடனே ஊசி மூலமா தயாமின் ஏத்தினா பெரும்பாலும் மீட்டுடலாம், தாமதமானா ஞாபகசக்தி நிரந்தரமா போயிடக் கூடும். தயாமின் கொடுக்காம குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா இருக்கிற கொஞ்சநஞ்ச தயாமினும் செலவாகி நிலைமை மோசமாகும். அதனால இந்த சர்ஜரி பண்ணினவங்க வாந்தின்னு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "எனக்கு எடை குறைக்கிற சர்ஜரி ஆயிருக்கு, இத்தனை நாளா வாந்தி, ட்ரிப்ஸுக்கு முன்னாடி தயாமின் போடுங்க"ன்னு வாய்விட்டுக் கேளுங்க, கேட்கறதுல கூச்சமே வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு காப்பி எப்பவும் பையிலயோ போன்லயோ இருக்கட்டும்.

கேள்வி: பைபாஸ் பண்ணி ஆறு மாசம். விசேஷத்துல ஒரு டம்ளர் பாயசம் குடிச்சேன், கால் மணி நேரத்துல வேர்த்துக் கொட்டி, படபடப்பு, குமட்டல், உடனே பேதி. ஹார்ட் அட்டாக்னு பயந்துட்டேன்.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: நீங்க சொல்றதைப் பார்த்தா டம்பிங்னு சொல்ற பக்கவிளைவு மாதிரிதான் இருக்கு. பைபாஸ்ல சர்க்கரை சட்டுனு குடலுக்குப் போயிடுது, குடல் அதைக் கரைக்க உடம்புல இருந்து தண்ணியை இழுக்குது, அதனாலதான் இத்தனையும். படுத்தா கொஞ்ச நேரத்துல அடங்கிடும். பாயசம், ஜூஸ், ஐஸ்கிரீம் மாதிரி திரவ இனிப்புதான் ரொம்ப மோசம். சாப்பிட்டு ஒண்ணுல இருந்து மூணு மணி நேரம் கழிச்சு நடுக்கமும் மயக்கமும் வந்தா அது சுகர் இறங்குறது, அதை டாக்டர்கிட்ட தனியா சொல்லுங்க. ஆனா நெஞ்சுவலி இருந்தா டம்பிங்னு நீங்களா முடிவு பண்ணாம ஈசிஜி எடுத்துப் பாருங்க.

கேள்வி: பைபாஸ் ஆகி ஒரு வருஷம். மூட்டுவலிக்கு மெடிக்கல்ல வாங்குற வலி மாத்திரை போடலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம் சார். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகையெல்லாம் இரைப்பையையும் குடலையும் இணைச்ச தையல் இடத்துல புண்ணை உண்டாக்கும், சிகரெட்டும் சேர்ந்தா இன்னும் ஆபத்து. பாராசிட்டமால் எவ்வளவு போடலாம்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, மெடிக்கல்ல எது வாங்கினாலும் வயித்துல பைபாஸ் ஆனவர்னு சொல்லிட்டு வாங்குங்க.