நிலத்தில் கை வைக்காதீர்கள், சார்

போன சனிக்கிழமை மகளோடும் மைத்துனரோடும் வந்திருந்தீர்கள். நீட் இரண்டு தடவை எழுதியாயிற்று. மூன்றாவதற்குக் கோச்சிங், அதுவும் கைகொடுக்காவிட்டால் நிலத்தை அடமானம் வைத்து மேனேஜ்மென்ட் சீட் என்றார் மைத்துனர். "கவலைப்படாதீர்கள்" என்று அப்போது சொல்லிவிட்டேன், தப்பு. அந்த நிலத்தில் கை வைத்தால் கவலைப்படத்தான் வேண்டும். வட்டி கட்டப்போவது மைத்துனர் இல்லை.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது பொண்ணு என்ன செய்தாள், கவனித்தீர்களா? மார்க் ஷீட் ஜெராக்ஸின் பின்பக்கம் ஒரு கார்பன் சங்கிலி வரைந்தாள். மீன் எண்ணெய் மாத்திரையில் உள்ள ஒமேகா-3 என்ற கொழுப்பு அமிலம் பெரும்பாலும் மீன் செய்ததில்லை, கடலில் மிதக்கும் நுண்பாசி செய்தது என்றாள். சரியாகத்தான் சொன்னாள். 18 கார்பன் கொழுப்பு அமிலத்தில் டிசாச்சுரேஸ் நொதிகள் இரட்டைப் பிணைப்புகளைப் போடும். எலாங்கேஸ் இரண்டு கார்பனை ஒட்டும். இப்படியே போய் 20 கார்பன், 5 இரட்டைப் பிணைப்பு வந்தால் இ.பி.ஏ.; 22 கார்பன், 6 பிணைப்பு என்றால் டி.எச்.ஏ. இரண்டும் ஒமேகா-3 வகைகள்தான்.

இன்னொரு கதையும் உண்டு. டயட்டம் என்ற நுண்பாசிகளில் சிலவற்றின் செல் நசுங்கினால், நொதிகள் இது போன்ற அமிலங்களை வெட்டி ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருளாக்கிவிடும். அதில் ஒன்றான டெக்காடையீனால், வடைச் சட்டி வாசனையிலும் இருப்பது. அந்த டயட்டங்களைத் தின்ற கோபிபாட் என்ற சின்னக் கடல் பிராணி இடும் முட்டைகள் பல பொரிப்பதில்லை என்று 1999இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அவள் இதையே படிக்க வழி? பக்கத்து அரசுக் கல்லூரியில் உயிர்வேதியியல் அல்லது விலங்கியல். வேதியியலை மட்டும் கைவிடக்கூடாது. அப்புறம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். சேர்க்கைத் தகுதியை இப்போதே பார்த்துவிடுங்கள். கொழுப்பு அமிலங்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் கை பழகிவிட்டால் சமையல் எண்ணெய் ஆய்வகத்திலும் வேலை தேடலாம். இறால் குஞ்சுப் பண்ணைகளில் லார்வாவுக்குத் தீனியாக டயட்டம் வளர்க்க ஆள் வேண்டும். ஆராய்ச்சிக்குப் போனால், நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வானவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய்.

பி.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் சொற்பம்தான், அதை மறைக்கவில்லை. ஐந்து வருஷமாவது படிக்க வேண்டும். ஆனால் கடன் இல்லை, அவளுக்கும் மனசு அங்கேதான் இருக்கிறது.

வரும் சனிக்கிழமை அவளை மட்டும் அனுப்புங்கள். அந்த ஜெராக்ஸ் என் மேஜையில்தான் இருக்கிறது. டி.எச்.ஏ.வில் ஒரு பிணைப்பு விட்டுப்போயிருக்கிறது, அவளே வந்து போடட்டும்.