எழுத்தாளரின் மனைவி வாசகருக்கு எழுதிய கடிதங்கள் யாருக்குச் சொந்தம்?

மறைந்த எழுத்தாளர் ஒருவரின் மனைவியோடு பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு வைத்திருந்த வாசகர், அவர் எழுதிய கடிதங்களைத் தாமாகவே நூலாக வெளியிடலாமா என்பதே கேள்வி. கடிதத்தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதிலுள்ள சொற்களின் பதிப்புரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. 1741ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று இவ்வாறு தீர்ப்பளித்தது. காரணம் எளிது: ஒருவரை நம்பி மனம்விட்டு எழுதுவது, அதை ஊரறியச் சொல்ல இசைவதாகாது. விலைக்கு வாங்கிய புத்தகத்தை நாம் பிறருக்குக் கொடுக்கலாம், ஆனால் மறுபடி அச்சிட்டு விற்க முடியாதல்லவா, அதுபோலத்தான் இதுவும்.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. கணவரின் அச்சேறாத குறிப்பேட்டிலிருந்து நான்கு வரிகளை அந்த அம்மையார் தம் கையெழுத்தில் பெயர்த்து எழுதி அனுப்பியிருந்தால், கடிதம் அவருடையதாயினும் அந்த நான்கு வரிகளின் உரிமை பிள்ளைகளுக்கும் சேர்ந்ததாக இருக்கக்கூடும். அப்போது அவருடைய இசைவு மட்டும் போதாது. துயரத்தின் நடுவிலும் வாசகரை மதித்துப் பதில் எழுதியவரிடம், அவர் இருக்கும்போதே எழுத்துமூலம் அனுமதி கேட்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.

எழுதியவர் இறந்ததும் உரிமை முடிந்துவிடும் எனப் பலர் எண்ணுவது தவறு; பெரும்பாலான நாடுகளில் அது அதன்பின் குறைந்தது 50 ஆண்டுகளும், பலவற்றில் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது.